அச்சம் போக்கிய அம்மையார் – டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி

பங்குனி மாதம் பிறந்துவிட்டால் கும்பகோணத்திலிருந்து எங்கள் ஊருக்கு வரும் பேருந்துகளில் நிற்கவும் இடம் கிடைக்காது. வலங்கைமான் மகா மாரியம்மன் கோயிலின் பாடைக் காவடியைக் காண நாலா திசையிலிருந்தும் மக்கள் வருவர். வேற்றூர் நண்பர்களுக்காக அதைச் சற்றே விளக்க வேண்டும். இனிப் பிழைக்கமாட்டார் என்று கைவிடப்பட்ட நோயாளிக்காக, அவர் பிழைத்தால் பாடை கட்டி வருவதாக அன்னையிடம் நேர்ந்துகொள்வார்கள். பிழைத்தவர் குடமுருட்டி ஆற்றில் நீராடி, பச்சை மூங்கிலால் கட்டிய பாடையில் பிணம்போலப் படுத்துக்கொள்வார். உறவினர் நால்வர் தோள் கொடுப்பர். ஒருவர் தீச்சட்டி ஏந்தி முன்னே நடக்க, மேளம் கொட்டும். கோயிலை வலம் வந்து இறக்கியதும் பூசாரி தீர்த்தம் தெளித்து விபூதி இடுவார். பாடையில் கிடந்தவர் எழுந்து நடப்பார்.

சில ஆண்டுகளுக்கு முன்பு என் அத்தையும் அப்படி எழுந்து நடந்தார். அவருக்கு மார்பில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி தோன்றியது. வெட்கத்தால் ஆறு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. சொன்ன பின்பு, பச்சிலைப் பற்றுப் போடும் வைத்தியர் ஒருவரிடம் ஐந்து மாதம் கழிந்தது. அதன் பிறகுதான் சென்னை அடையாற்றுக்குச் சென்றோம். நோயின் பெயரை அத்தையிடம் சொல்லக்கூடாது என்று வீட்டில் எல்லாரும் பேசி வைத்திருந்தோம். வண்டியை விட்டு இறங்கி மருத்துவமனையின் பெயர்ப் பலகையைப் படித்ததும் அத்தைக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்த முகத்தில் நான் கண்ட அச்சத்தை இன்றும் மறக்க இயலவில்லை. நோயின் வலியைவிட அந்தப் பெயரின் வலி பெரிதாக இருந்தது.

முத்துலட்சுமி ரெட்டி என்னும் பெயரை அங்கேதான் நான் புதிதாகக் கேட்டேன் என்று சொல்ல முடியாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மகப்பேறு நிதியுதவிக்காகப் பெயர் பதியும் ஒவ்வொரு வீட்டிலும் அப்பெயர் அறிமுகமானதுதான். ஆனால் யார் அவர் என்று கேட்டால் நம்மில் பலர் விழிப்போம். எங்கள் ஊர்க்காரர் என்ற உரிமையில் மகாகனம் சீனிவாச சாஸ்திரியாரைப் பற்றி எழுதும்படி மலர்க்குழு நண்பர்கள் கேட்டனர். அவரைப் பற்றி எழுதப் பலர் உள்ளனர். இம்முறை, என் அத்தையைப் போன்றவர்களுக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்த அம்மையாரைப் பற்றி எழுத அவர்கள் பொறுத்தருள வேண்டும்.

அன்றைய புதுக்கோட்டை சமஸ்தானத்தில் 1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் முத்துலட்சுமி பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் முதல்வராக விளங்கிய கல்விமான். தாயார் சந்திரம்மாள் இசைவேளாளர் குலத்தில் தோன்றியவர். இருவேறு குலத்தைச் சேர்ந்த பெற்றோருக்குப் பிறந்த குழந்தை, அக்காலத்துச் சமூகத்தின் பார்வையில் எத்தனை ஏளனங்களைத் தாங்கியிருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். உடல்நிலையும் அவருக்கு ஒத்துழைக்கவில்லை. இளமையிலேயே நோயோடு போராடிப் படித்தவர் அவர். வயது வந்ததும் பள்ளியை விட்டு நிறுத்திவிடும் வழக்கம் வலுத்திருந்த காலத்தில், வீட்டிலிருந்தபடியே படித்து மெட்ரிகுலேஷன் தேறினார்.

அடுத்து கல்லூரி. புதுக்கோட்டையில் இருந்ததோ ஆண்கள் கல்லூரி. ஒரு பெண்ணைச் சேர்த்தால் எங்கள் பிள்ளைகள் கெட்டுப் போவார்கள் என்று எதிர்ப்புக் கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் துணிந்து இசைவு தந்தார். அத்தனை ஆண்களுக்கிடையே ஒரே ஒரு மாணவி! இன்று நம் வகுப்புகளில் பெண்கள் எண்ணிக்கையில் மிகுந்து அமர்ந்திருக்கும்போது, அந்த ஒற்றைப் பெண்ணை நினைத்துப் பார்க்கத் தோன்றுகிறது.

1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அறுவை மருத்துவத்தில் சிறந்த மதிப்பெண்ணும் பரிசுகளும் பெற்று, 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றார். நம் நாட்டில் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் பெண்களுள் அவர் ஒருவர். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக நடத்த வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக்கூடாது என்று உறுதி பெற்ற பின்பே அம்மணத்துக்கு இசைந்தார். ராம்மோகன், கிருஷ்ணமூர்த்தி என இரு புதல்வர்கள். மருத்துவத் தொழிலும் குடும்பமுமாக அவர் வாழ்க்கை அமைதியாகவே சென்றிருக்கலாம்.

அந்த அமைதியைக் குலைத்தது தங்கையின் நோய். தங்கை சுந்தராம்பாள் 1920களின் முற்பகுதியில் வயிற்றுக் கோளாறால் அவதிப்பட்டார். முதலில் அது சீதபேதி என்றே கருதப்பட்டு மருந்து கொடுக்கப்பட்டது. உண்மையில் அது மலக்குடற் புற்று. தெரிய வந்தபோது காலம் கடந்திருந்தது. இங்கே ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். நோயாளி படிப்பறிவில்லாத ஏழை அல்லர். மாநிலத்திலேயே பேர்பெற்ற மருத்துவரின் உடன்பிறப்பு. அவருக்கே நோயை உரிய காலத்தில் கண்டுபிடிக்க இயலவில்லை என்றால், வலங்கைமானிலும் நீடாமங்கலத்திலும் நாற்று நடும் பெண்ணின் கதி என்ன? கண்ணெதிரே இளம் தங்கை துடித்து இறந்ததை அம்மையார் தம் வாழ்நாள் இறுதிவரை மறக்கவில்லை. மருத்துவம் படித்த கைகள் ஒன்றும் செய்ய முடியாமல் நின்ற அந்த நாட்கள்தாம் பிற்காலத்து அடையாற்று நிலையத்தின் முதல் அடிக்கல் என்பேன். நேரு வைத்தது இரண்டாவது கல்.

1925இல் மேற்படிப்புக்காக இலண்டன் சென்றார். பெண்கள், குழந்தைகள் நோய்கள் பற்றிப் பயின்றதோடு, புற்றுநோய்க்கென்றே தனி மருத்துவமனை அங்கு இயங்குவதையும் பார்த்தார். தொடக்கத்திலேயே கண்டுகொண்டால் இந்நோயைத் தீர்க்க முடியும் என்ற உண்மை அவர் மனத்தில் அங்கு ஆழப் பதிந்தது. நம் நாட்டிலோ அந்நோய் வந்தவரை மூலையில் கிடத்திவிட்டுக் காத்திருப்பதே மருத்துவமாக இருந்தது.

இதன் பிறகு நிகழ்ந்தவை நம் வரலாற்றுப் பாடங்களில் உள்ளவை. ஆதலால் விரைந்து கடக்கிறேன். 1926இல் பாரிஸ் நகரில் நடந்த அனைத்துலகப் பெண்கள் மாநாட்டில் கலந்துகொண்டார். 1927இல் சென்னைச் சட்டமன்றத்தின் உறுப்பினராகி, அதன் துணைத் தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1930இல் காந்தியடிகள் கைது செய்யப்பட்டதைக் கண்டித்துப் பதவியைத் துறந்தார். அதே ஆண்டில் ஆதரவற்ற பெண்களுக்காக ஔவை இல்லத்தைத் தொடங்கினார். தேவதாசி முறையை ஒழிக்க அவர் தொடங்கிய போராட்டம் 1947இல் முழுமையான சட்டமாயிற்று.

தேவதாசி ஒழிப்பும் புற்றுநோய் மருத்துவமனையும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரு பணிகள் என்றே வாழ்க்கை வரலாறுகள் பலவும் பேசும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அக்காலத்து வீடுகளில் வாய்விட்டுப் பேசக்கூடாத செய்திகளாக இருந்தவை சில. தேவதாசிக் குலத்தில் பிறந்த பெண்ணின் துயரம் அவற்றுள் ஒன்று. மார்பிலும் கருப்பையிலும் வரும் கட்டி மற்றொன்று. இரண்டையும் வெட்கம் என்னும் ஒரே திரைதான் மூடியிருந்தது. இரண்டையும் மன்றத்தில் வைத்து உரக்கப் பேசியவர் அம்மையார்.

1935இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா. அங்கே பேசும் வாய்ப்புப் பெற்ற அம்மையார், புற்றுநோய்க்குத் தனி மருத்துவமனை வேண்டும் என்ற கோரிக்கையை முன்வைத்தார். கேட்டவர்கள் கைதட்டினார்கள். காரியம் நடக்கவில்லை. போர் வந்தது, பஞ்சம் வந்தது, விடுதலையும் வந்தது. இந்நோய் கண்டவர்கள் எப்படியும் இறக்கப் போகிறவர்கள், அவர்களுக்கென்று எதற்குத் தனி மருத்துவமனை என்ற எண்ணம் மட்டும் அரசு அலுவலகங்களில் மாறவே இல்லை. அதையும் குற்றம் சொல்லிப் பயனில்லை. மலேரியாவுக்கும் காசநோய்க்கும் காலராவுக்கும் பணம் போதாத நாடு. தீராத நோய்க்குச் செலவிடுவானேன் என்று கணக்கர்கள் எண்ணியதில் ஒரு நியாயம் உண்டு. தீராதது என்ற அந்தச் சொல்லைத்தான் அம்மையார் ஏற்கவில்லை.

1949இல் இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் புற்றுநோய் உதவி நிதி ஒன்றைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது அறுபத்து மூன்று. நம் ஆசிரியர் பெருமக்கள் ஓய்வு பெற்றுப் பேரக் குழந்தைகளோடு காலம் கழிக்கும் வயது. அந்த வயதில் அவர் உண்டியல் ஏந்தாத குறையாகப் பொதுமக்களிடம் சிறுகச் சிறுகப் பணம் திரட்டினார். இளைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அறுவை மருத்துவர். அன்னையின் கனவையே தம் தொழிலாக ஏற்றுக்கொண்டு, வெளிநாட்டில் புற்றுநோய் மருத்துவம் பயின்று வந்தார். 1952ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் பிரதமர் நேரு அடையாற்றில் அடிக்கல் நாட்டினார். 1954ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள் நிலையம் திறக்கப்பட்டது. கேட்டது 1935இல், கிடைத்தது 1954இல்.

திறந்தபோது அது மாளிகை அன்று. பன்னிரண்டு படுக்கைகள், விரல்விட்டு எண்ணத்தக்க பணியாளர்கள், அவ்வளவே. 1955இல் டாக்டர் சாந்தா என்னும் இளம் மருத்துவர் வந்து சேர்ந்தார். அரசு மகளிர் மருத்துவமனையில் கிடைத்த நிலையான வேலையை வேண்டாம் என்று விட்டுவிட்டு, ஊதியம் நிச்சயமில்லாத அந்தச் சிறிய இடத்துக்கு அவர் வந்தார். வந்தவர் 2021இல் இறக்கும்வரை அவ்வளாகத்தை விட்டு நீங்கவில்லை. 1950களிலேயே கோபால்ட் கதிர்வீச்சுக் கருவியும் அங்கே வந்து சேர்ந்தது. அம்மையாருக்கு 1956இல் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது.

நிலையத்துக்கு வந்த நோயாளிகளுள் பெரும்பாலோர் நோய் முற்றிய பின்னரே வந்தனர். இடைப்பட்ட காலம் எங்கே போயிற்று? என் அத்தையின் ஐந்து மாதம் போன இடத்திற்கே போயிற்று. இதைச் சொல்லும்போது நம் மூலிகை மருத்துவத்தைப் பழிப்பதாக யாரும் எண்ணிவிடலாகாது. நான் தாவரவியல் மாணவி. தஞ்சையில் சரபோஜி மன்னர் தன்வந்திரி மகால் நிறுவி, வைத்திய முறைகளைச் சோதித்து எழுதிவைக்கச் செய்த மண் இது. அந்த மருத்துவச் சுவடிகளுள் பலவற்றைச் சரசுவதி மகால் நூலகம் அச்சிட்டும் உள்ளது. மன்னரே சோதித்துப் பார்க்கச் சொன்னார் என்பதை மட்டும் நாம் மறந்துவிடுகிறோம்.

நோயாளி ஏன் முதலில் நாட்டு வைத்தியரிடம் போகிறார்? அத்தையிடம் பின்னொரு நாள் இதைக் கேட்டேன். அவர் சொன்னதன் சாரம் இதுதான். வைத்தியர் உட்காரச் சொன்னார். நெடுநேரம் நாடி பார்த்தார். உறக்கம் வருகிறதா, சோறு இறங்குகிறதா, வீட்டில் என்ன கவலை என்று கேட்டார். பயப்படாதே என்று சொன்னார். பற்றுப் போட்டதில் கட்டி கரையவில்லை, ஆனால் மனப்பாரம் கொஞ்சம் கரைந்தது. சீன நாட்டிலும் இதே நிலைதான். அங்கே மூலிகைக் கஷாயத்தை நவீன மருத்துவத்தோடு சேர்த்தே பல மருத்துவமனைகளில் கொடுக்கிறார்கள். புற்றுநோயாளிகளின் சோர்வும் தூக்கமின்மையும் மனத்தளர்ச்சியும் அதனால் குறைகின்றனவா என்று ஆராய்ந்து வருகிறார்கள். சில ஆய்வுகள் நன்மை உண்டு என்கின்றன. ஆனால் அவற்றுள் பல சிறியவை, உறுதியாக முடிவு கட்டப் போதாதவை. குறைந்தது கஷாயமா, அல்லது கைபிடித்து நாடி பார்த்தவரின் பரிவா என்று பிரித்தறிவதும் எளிதன்று. கவனிக்க வேண்டியது என்னவென்றால், அறுவையையும் கதிர்வீச்சையும் விட்டுவிட்டுக் கஷாயம் மட்டும் குடிக்கும்படி அந்த மருத்துவமனைகள் சொல்வதில்லை.

வைத்தியரின் திண்ணையில் ஆறுதல் இருந்தது, மருந்து இல்லை. அக்காலத்துப் பெரிய மருத்துவமனைகளில் கத்தியும் கதிரும் ஓரளவு இருந்தன, இந்நோயாளிக்கு ஆறுதல் இல்லை. இரண்டும் ஒரே கூரையின்கீழ் இருக்க வேண்டும் என்பதே அம்மையார் அடையாற்றில் செய்த காரியத்தின் பொருள் என்று நான் புரிந்துகொண்டிருக்கிறேன். சாகப் போகிறவர்களைக் கிடத்தி வைக்கும் விடுதியை அவர் கேட்கவில்லை. குணமாக்கும் இடத்தைக் கேட்டார். தனக்கென்று ஒருவர் மருத்துவமனையே கட்டியிருக்கிறார் என்றால் தான் பிழைக்கக்கூடும் என்று நோயாளிக்குத் தோன்றும் அல்லவா? அத்தைக்குத் தோன்றிற்று. காத்திருந்த கூடத்தில் பக்கத்தில் அமர்ந்திருந்த ஒரு மூதாட்டி, தாம் அங்கு முதலில் வந்து பதினான்கு ஆண்டு ஆயிற்று என்றும், இப்போது ஆண்டுக்கொருமுறை காட்டிவிட்டுப் போவதாகவும் சொன்னார். பெயர்ப் பலகை கொடுத்த அச்சத்தை அந்தப் பேச்சு பாதி போக்கிவிட்டது. நாங்கள் வீட்டில் கட்டிய பொய்யெல்லாம் அன்றோடு தேவையற்றுப் போயிற்று. மறைத்ததால் அவரைத் தனியே அஞ்ச விட்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பச்சிலையைப் பற்றிப் பேசினேன். ஒரு பூச்செடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நித்தியகல்யாணியை அறியாதவர் இருக்க முடியாது. இதற்குச் சுடுகாட்டு மல்லி என்றும் ஒரு பெயர் உண்டு. சுடுகாட்டு ஓரங்களில் நீரூற்றுவார் இன்றியே பூத்துக் கிடக்கும். மடகாஸ்கர் தீவிலிருந்து உலகெங்கும் பரவிய செடி இது. பல நாடுகளில் இதன் இலையை நீரிழிவுக்குக் காய்ச்சிக் குடித்தனர். கனடா நாட்டில் நோபிள், பீர் என்னும் இரு ஆய்வாளர்கள் அதைச் சோதித்தபோது, சர்க்கரை குறையவில்லை. இரத்தத்தின் வெள்ளை அணுக்கள் குறைந்தன! அவ்வணுக்கள் கட்டின்றிப் பெருகுவதுதானே இரத்தப் புற்று? 1958இல் இந்த ஆய்வு வெளியாயிற்று. வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என இரு மருந்துகள் அச்செடியிலிருந்து பிறந்தன. சில மாதங்களில் குழந்தைகளைக் கொன்றுகொண்டிருந்த இரத்தப் புற்றை, வேறு மருந்துகளோடு சேர்ந்து வின்கிரிஸ்டின் பெரும்பாலும் வெல்லக்கூடிய நோயாக்கியது. ஆனால் ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். அளவு சற்றே மிகுந்தாலும் நரம்பைக் கெடுக்கும் நஞ்சு அது. தோட்டத்து இலையை அரைத்துக் குடித்தால் புற்று தீரும் என்று யாரேனும் சொன்னால், நம் கல்லூரி மாணவர்களாவது அதைத் தடுக்க வேண்டும்.

அடையாற்று நிலையம் 1960களில் வளர்ந்து வந்த ஆண்டுகளும், இம்மருந்துகள் உலகெங்கும் மருத்துவமனைகளுக்கு வந்த ஆண்டுகளும் ஒன்றே. தங்கையின் காலத்தில் கைவிரித்த மருத்துவம் கண்ணெதிரே மாறத் தொடங்கியதைப் பார்க்கும் பேறு அம்மையாருக்கு வாய்த்தது. முதுமையிலும் ஔவை இல்லத்துப் பெண்களுக்காகவும் நிலையத்துக்காகவும் உழைத்து வந்தார். 1968ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள், எண்பத்திரண்டாவது பிறந்தநாளுக்கு எட்டு நாட்கள் இருக்கும்போது காலமானார். மகன் கிருஷ்ணமூர்த்தி 2010இல் மறையும்வரை நிலையத்துக்காகவே வாழ்ந்தார். பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கிய இடம் இன்று பல நூறு படுக்கைகளும் ஆராய்ச்சிக் கூடமும் கல்லூரியும் கொண்டதாக விளங்குகிறது.

அத்தைக்கு அறுவையும் கதிர்வீச்சும் ஊசி மருந்துமாகப் பத்து மாதம் ஆயிற்று. முடியெல்லாம் கொட்டிப் போயிற்று. பங்குனியில் பாடையில் படுத்தபோது தலையில் கருகருவென்று புதுமுடி ஓரங்குலம் வளர்ந்திருந்தது. பாடைக்குத் தோள் கொடுத்தவர்களுள் என் தந்தையும் ஒருவர். தீர்த்தம் தெளித்ததும் அத்தை எழுந்து, கையூன்றாமல் நின்றார். தாம் பிழைத்தது மாரியம்மன் அருளாலா மருத்துவர் கையாலா என்று அவரை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் இரண்டையும் அவர் பிரித்துச் சொல்லியிருக்கமாட்டார். ஆறு மாதத்திற்கொருமுறை அடையாற்றுக்குப் போக நாள் குறித்து, நாட்காட்டியில் தாமே வட்டமிட்டு வைத்திருக்கிறார். அவர் வீட்டுக் கிணற்றடியில் நித்தியகல்யாணி இப்போது புதராக வளர்ந்து கிடக்கிறது. பூவைப் பூசைக்குப் பறிப்பார். இலையில் கை வைக்க யாரையும் விடுவதில்லை.